பாசியும் துருவும்: மடுல்சீமையிலிருந்து ஒரு மீன்தொட்டி வரலாறு

எங்கள் வாசிப்பு அறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. இரண்டடி நீளம், ஜன்னல் ஓரம். கானில் பிடித்த கப்பி மீன்கள், கொஞ்சம் நத்தை, பதுளையில் வாங்கிய நாலைந்து சின்ன இறால். முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் கண்ணாடி பச்சையானது. சுரண்டினோம், திரும்ப வந்தது. தண்ணீரை முழுசாக மாற்றினோம், இன்னும் வேகமாக வந்தது. கடைசியில் ஒருவர் போய் பாசி கொல்லும் மருந்து ஒரு போத்தல் வாங்கி வந்தார். ஊற்றிய மறுநாள் தொட்டி தெளிந்திருந்தது. நத்தையும் இறாலும் அடியில் செத்துக் கிடந்தன. பத்து நாளில் பாசி மட்டும் உயிரோடு திரும்பி வந்தது.

எங்களில் ஒருவருடைய அப்பா தோட்டத்தில் பல வருஷம் மருந்தடித்தவர். போத்தலின் சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். செம்பு என்று இருந்தது. "அட, இது நாங்க கொழுந்து மலைக்கு அடிக்கிற ஜாதிதானே தம்பி. இதுல நத்த எப்புடித் தாங்கும்?" என்றார்.

தேயிலைக்கு அடிக்கிற மருந்து மீன்தொட்டிக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, கதை லண்டனில் தொடங்கி எங்கள் ஊர் வழியாகவே போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கண்ணாடிப் பெட்டி இரண்டு பிள்ளை பெற்றது

1829 வாக்கில் லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற வைத்தியர் ஒரு மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்தார். பூச்சி வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் போத்தலின் ஈர மண்ணில் ஒரு பன்னச்செடி தானாக முளைத்து, வெளித் தண்ணீர் இல்லாமலே வளர்ந்தது. லண்டன் புகையில் செத்துப்போகிற செடி கண்ணாடிக்குள் பிழைத்தது. அதிலிருந்து அவர் செய்த மூடிய பெட்டிக்கு 'வார்ட் பெட்டி' என்று பெயர் வந்தது.

இந்தப் பெட்டிக்கு இரண்டு வாரிசுகள். ஒன்று கப்பலேறியது. 1848க்குப் பிறகு ரொபர்ட் ஃபோர்ச்சூன் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இமயமலைப் பக்கம் கொண்டுபோனது வார்ட் பெட்டியில்தான். 1861இல் சிங்கோனா ஹக்கலைக்கு வந்த காலத்திலும், தூர தேசத்துச் செடிகளை உயிரோடு கொண்டுவர இருந்த வழி இதுவே. தோட்டப் பொருளாதாரம் முழுக்க ஒரு வகையில் இந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேல் நின்றது.

மற்ற வாரிசு வீட்டுக்குள்ளேயே தங்கியது. அதுதான் மீன்தொட்டி. 1849இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் பன்னிரண்டு கலன் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடுகிற காற்றைச் செடி எடுக்கும், செடி விடுகிற ஒக்சிஜனை மீன் எடுக்கும், தண்ணீர் மாற்றத் தேவையில்லை என்பது அவர் கணக்கு.

கணக்கு சரி. ஆனால் கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி ஏறியது. எங்கள் தொட்டிக்கு நடந்த அதே சங்கதி, 1849இலேயே! வாரிங்டன் மருந்து எதுவும் ஊற்றவில்லை. குளத்திலிருந்து ஐந்தாறு நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலையும் பாசியையும் தின்றது. அதன் முட்டைகள் மீனுக்கு இரையாகின. தொட்டி தெளிந்தது. 1850இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கு நாம் வைத்திருக்கிற மீன்தொட்டியின் பிறப்புச் சான்றிதழ் அந்தக் கட்டுரைதான் என்று சொல்லலாம். அதாவது மீன்தொட்டியும் பாசிப் பிரச்சினையும் ஒரே நாளில் பிறந்தவை. நாங்களோ வைத்தியம் செய்ய வந்த நத்தையையே மருந்து ஊற்றிக் கொன்றிருக்கிறோம்.

1853இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் மாளிகை திறந்தது. அடுத்த வருஷம் ஃபிலிப் ஹென்றி கோஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் பரவியது. 1871இல் கிறிஸ்டல் பெலஸ் அக்வேரியத்தைக் கட்டிய வில்லியம் அல்ஃபோர்ட் லொயிட் இன்னொரு விஷயம் செய்தார். காட்சித் தொட்டிகளில் இருந்ததைவிடப் பல மடங்கு தண்ணீரை நிலத்தடியில் இருட்டில் தேக்கி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். இருட்டில் பாசி பிழைக்காது, தண்ணீர் தெளிந்தே இருக்கும். இன்று 'மூன்று நாள் தொட்டியைத் துணியால் மூடு' என்று சொல்கிறார்களே, அதன் மூத்த அண்ணன் இது.

பாசி படித்தவர் பேராதனைக்கு வந்தார்

இனி நம்ம பக்கம்.

ஜோர்ஜ் த்வெய்ட்ஸ் என்பவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல்காரர். நுண்ணோக்கியில் பாசி பார்ப்பதுதான் அவர் வேலையும் விளையாட்டும். புதுத் தொட்டிகளில் பழுப்பு நிறமாகப் படிகிற தூள் பாசி இருக்கிறதே, டயட்டம், அது மிருகமா தாவரமா என்று அன்றைக்கு விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு டயட்டம் கலங்கள் சில பாசிகளைப் போலவே ஒன்றோடொன்று இணைந்து பெருகுவதை 1847இல் த்வெய்ட்ஸ் காட்டினார். டயட்டத்தைப் பாசிக் கூட்டத்தில் சேர்க்க அது பெரிய ஆதாரம்.

இந்தப் பாசி நிபுணர்தான் 1849இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக வந்தார். முப்பது வருஷம் இருந்தார். 1869இல் அவருடைய மேசைக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கோப்பி இலைகள். இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள். வந்த இடம் மடுல்சீமை.

ஆமாம், எங்கள் மடுல்சீமை. உலகத்தின் கோப்பி வரலாற்றில் எங்கள் ஊர்ப் பெயர் வருகிற இடம் இதுதான். இலங்கைத் தோட்டங்களில் கோப்பி இலைத்துரு முதலில் கண்ணில் பட்டது இங்கே. த்வெய்ட்ஸ் மாதிரியை இங்கிலாந்தில் மைல்ஸ் ஜோசப் பெர்க்லிக்கு அனுப்பினார். உருளைக்கிழங்கு அழுகல் நோய்க்குப் பூஞ்சணம்தான் காரணம் என்று வாதாடிய அதே பெர்க்லி. அவர் இந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பாழாக்குபவள் என்று பொருள். தோட்டத் துரைமார் அதை 'பாழாக்கும் எமிலி' என்று கிண்டலாகச் சொன்னார்கள். கிண்டல் நீண்டநாள் நிலைக்கவில்லை. சில வருஷத்தில் துரு எல்லாக் கோப்பி மாவட்டங்களுக்கும் பரவியது. 1880களின் முடிவில் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது.

இதில் எங்களுக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கிற காலத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு கடல் கடந்து, காடு நடந்து வந்து, வேலை முடிந்ததும் பெரும்பாலானோர் திரும்பிப் போனார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். தேயிலை அப்படியில்லை. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குக் குடும்பம் வேண்டும், லயம் வேண்டும். கோப்பியைத் துரு தின்றதால்தான் தேயிலை வந்தது, தேயிலை வந்ததால்தான் எங்கள் பாட்டன் பூட்டன் இந்த மலையிலேயே தங்கினார்கள். ஒரு இலையின் அடியில் இருந்த செம்மஞ்சள் தூளுக்கும் எங்கள் முகவரிக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

மருந்து கேட்டார்கள், அவர் காரணம் சொன்னார்

கோப்பி சரிந்தபோது தோட்ட முதலாளிகள் கேட்டது ஒன்றே ஒன்று. என்ன அடித்தால் இது சாகும்? பேராதனையில் இருந்த டானியல் மொரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். 1880இல் அரசாங்கம் இருபத்தைந்து வயதுகூட நிரம்பி அதிகம் ஆகாத ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இரண்டு வருஷத்துக்கு இலங்கைக்கு வரவழைத்தது. (கண்ணாடிப் பெட்டி வார்ட் வேறு, இவர் வேறு.)

மார்ஷல் வார்ட் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வருகிற துருத் தூளைப் பிடித்து எண்ணினார். தூள் இலையில் விழுந்தபின் ஈரம் இருந்தால்தான் முளைக்கும் என்றும், இலையின் அடியில் உள்ள சுவாசத் துளை வழியாக நுழையும் என்றும் காட்டினார். காட்டை அழித்து, மலை மலையாக ஒரே செடியை இடைவெளியில்லாமல் நட்டதே நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதுதான் அவர் வேலையிலிருந்து கிடைத்த பெரிய பாடம். முதலாளிகளுக்கு ஏமாற்றம். போத்தல் கேட்டவர்களுக்கு அவர் விளக்கம் கொடுத்தார்.

அதே காலத்தில் அவர் இங்கே இன்னொரு உயிரையும் கவனித்தார். இலைகளின் மேல் வட்ட வட்டமாக ஒட்டி வளர்கிற ஒரு பாசி. தண்ணீரில் இல்லை, இலையில்! கல்கத்தாவில் டேவிட் கனிங்ஹம் அதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருந்தார். மார்ஷல் வார்ட் இலங்கையில் பார்த்ததை வைத்து 1884இல் விரிவாக எழுதினார். இன்றைக்கு அந்தப் பாசி வகைக்கு செஃபலூரோஸ் என்று பெயர். அதன் ஒரு வேலை தேயிலைக்குச் சிவப்புத் துரு நோய் கொடுப்பது. ஹரல்ட் மானும் ஹட்சின்சனும் 1907இல் வட இந்தியத் தேயிலையில் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

பெயரில் துரு இருந்தாலும் கோப்பித் துரு மாதிரி இது பூஞ்சணம் இல்லை. பச்சைப் பாசிக் குடும்பம்தான். கரட்டில் இருப்பது போன்ற ஒரு நிறப்பொருள் மேலே மூடிக்கொள்வதால் செம்மஞ்சளாகத் தெரிகிறது. எங்கள் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிய பச்சைக்குத் தூரத்துச் சொந்தம்.

முக்கியமான விஷயம் இதுதான். சிவப்புத் துரு திடகாத்திரமான தேயிலைச் செடியில் பெரிதாக ஏறுவதில்லை. வடிகால் அடைத்து வேரில் தண்ணீர் நின்றால், மண்ணில் பொட்டாஷ் குறைந்தால், நிழல் மரத்தை வெட்டிவிட்டால், செடி தளரும். தளர்ந்த செடியில் பாசி ஏறும். அனுபவசாலிகள் மருந்தடிப்பதற்கு முன்னால் கானை வெட்டி, உரத்தைச் சரிபார்த்து, நிழல் மரம் நடச் சொல்வார்கள்.

செம்பு வந்த பாதை

1885இல் பிரான்சின் போர்தோ நகரில் பியேர் மில்லர்டே திராட்சைக் கொடிக்குச் செம்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த கலவையை அறிமுகப்படுத்தினார். போர்தோ கலவை. இலங்கைக் கோப்பிக்கு அது பிந்திப்போன மருந்து. தேயிலைக்குப் பிறகு செம்பு வந்து சேர்ந்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் நுழைந்தபின், மழைக்காலத்தில் செம்பு மருந்து அடிப்பது மலையில் வழமையாகிவிட்டது.

தண்ணீருக்குச் செம்பு வந்தது தனிக் கதை. 1904இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஜோர்ஜ் மூரும் கார்ல் கெல்லர்மனும், நகரங்களுக்குக் குடிநீர் கொடுக்கும் நீர்த்தேக்கங்களில் மிகச் சொற்பச் செம்புச் சல்பேட் போட்டாலே பாசி சாகும் என்று காட்டினார்கள். பல பாசிகளுக்குப் பத்து இலட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே போதும். நீர்த்தேக்கத்திலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து மீன்தொட்டிக்கு என்று செம்பு இறங்கி வந்தது. எங்கள் போத்தல் அந்தப் பாதையில் கடைசி.

பிரச்சினை என்னவென்றால், பாசிக்கு நஞ்சாகிற செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் அதன் வீரியம் கூடும். பாறை மலையில் இறங்கி வருகிற ஓடை நீர், நம்ம பீலித் தண்ணீர், பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். இன்னொன்று, பாசி மொத்தமாகச் செத்தால் அது அழுகும்போது தண்ணீரின் ஒக்சிஜன் தீரும், அதில் இருந்த சத்து திரும்பத் தண்ணீரில் கரையும். அந்தச் சத்தை வைத்து அடுத்த பாசி வளரும். பத்து நாளில் எங்களுக்குத் திரும்ப வந்தது இப்படித்தான்.

பட்டினி போடுவதா, செடியை வளர்ப்பதா?

தொட்டி வளர்ப்பவர்களிடையே இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்திருக்கிறது. 1996இல் போல் சியர்ஸ், கெவின் கொன்லின் என்ற இருவர் செடித் தொட்டிகளில் செய்து பார்த்து எழுதினார்கள். தண்ணீரில் பொஸ்பேட்டை மட்டும் பற்றாக்குறையில் வைத்து, மற்றச் சத்துகளைக் கொடுத்தால், செடி போட்டியில் ஜெயிக்கும், பாசி தோற்கும் என்றார்கள். பிறகு டொம் பார், செடி அடர்த்தியாக உள்ள தொட்டியில் பொஸ்பேட்டை வேண்டுமென்றே சேர்த்தும் பாசி வரவில்லை என்று காட்டி மறுத்தார். சத்து கூடுவதல்ல, செடி தளர்வதே பாசிக்கு அழைப்பு என்பது அவர் கட்சி. 1999இல் டயானா வால்ஸ்டட் சாதாரண மண்ணையும் நிறையச் செடியையும் வைத்துச் செலவில்லாமல் தொட்டி நடத்தும் வழியைப் புத்தகமாக எழுதினார்.

இந்த வாதத்தை வாசித்தபோது எங்களுக்குச் சிவப்புத் துருதான் நினைவுக்கு வந்தது. மலையிலும் தொட்டியிலும் ஒரே விதி. பாசி பெரும்பாலும் நோயல்ல, அறிகுறி.

நாங்கள் செய்தது

போத்தலை ஓரமாக வைத்தோம். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தினோம். லைட்டை ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலமாகக் குறைத்தோம். முன்பு அறை திறந்திருக்கும் நேரமெல்லாம் எரியும். யார் வந்தாலும் ஒரு சிட்டிகை தீனி போடுகிற பழக்கத்தை நிறுத்தினோம். தின்னாத தீனி எல்லாம் பாசிக்கு உரம். இப்போது நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம். கண்ணாடியைப் பழைய போன் கார்ட்டால் சுரண்டுகிறோம், முடிப் பாசியைப் பல் பிரஷில் சுற்றி இழுக்கிறோம். கறுப்புத் தாடி மாதிரி ஒட்டுகிற வகை எதற்கும் மசியாது. அது பிடித்த இலையை வெட்டி எறிவதே சுலபம். தண்ணீரே பச்சையாகிவிட்டால் மூன்று நாள் தீனி போடாமல், காற்றுப் பம்பை ஓடவிட்டு, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடலாம். லொயிட் செய்ததுதான்.

வேகமாக வளரும் செடி நிறையச் சேர்த்தோம். கூடவே கிரிப்டோகொரைன். உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் இருக்கிற இந்தச் செடியின் பல வகைகள் இலங்கையின் ஓடைகளுக்கே உரியவை. ஒரு வகைக்கு த்வெய்ட்ஸின் பெயரே இருக்கிறது, கிரிப்டோகொரைன் த்வெய்ட்ஸியை. குறைந்த வெளிச்சம் போதும் அதற்கு.

பாசி முழுசாகப் போகவில்லை. பின் கண்ணாடியில் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறோம். புதிதாக வந்த நத்தைகள் அதில்தான் மேய்கின்றன.

ஒரு வேண்டுகோள்

பாசி தின்னும் என்று சொல்லிக் கடையில் 'டேங்க் கிளீனர்' மீன் தருவார்கள். தென் அமெரிக்க மீன். உள்ளங்கையளவில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமல் போனதும் பலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். இலங்கையின் நீர்நிலைகளிலும் தமிழ்நாட்டு ஏரிகளிலும் இப்போது அது வலையில் சிக்குகிறது. முள் கவசத்தால் வலை கிழிகிறது, விலை போவதில்லை. இது ஒருபக்கத் தவறு மட்டுமில்லை. நம்ம ஓடைச் செடி கிரிப்டோகொரைன் பெக்கெட்டியை யாரோ தொட்டியிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றில் கொட்டிவிட, அங்கே அது களையாகிப் பெருகி, ஆள் வைத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இலங்கை ஓடைகளுக்கென்றே ஒரு பாசி தின்னி உண்டு. கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு மேயும் சின்ன மீன், சிங்களத்தில் 'கல் பாண்டியா', விஞ்ஞானப் பெயர் கர்ரா சிலோனென்சிஸ். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதைப் பிடித்துத் தொட்டியில் அடைக்கச் சொல்லவில்லை. ஓடையில் அது பிழைத்திருக்க வேண்டும் என்கிறோம். மடுல்சீமை மலையில் விழும் மழை லொக்கல் ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. நாம் கொட்டுகிற மீனும் மருந்துத் தண்ணீரும் அதே வழியில்தான் போகும்.

மிச்சமிருக்கிற அந்தப் போத்தலைக் கானில் ஊற்றாமல் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுத் தொட்டியும் பச்சையாகியிருந்தால், மருந்து வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு அறைக்கு வாங்க. முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்போம்.